22-க்கு 4 என்று இருந்து தோற்ற ஜோடி: ஒரு கேரம் இறுதிப்போட்டி, நிகழ்வு ஆய்வு

பல்லடம் பக்கம் ஒரு ஊரில் பொங்கலை ஒட்டி நடந்த கேரம் இரட்டையர் இறுதிப்போட்டி இது. நான்கு போர்டு (காய்களை அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு போர்டு) முடிந்தபோது ஒரு ஜோடி 22-க்கு 4 என்று முன்னால் இருந்தது. அதற்கப்புறம் அவர்களுக்கு ஒரு பாயின்ட்கூட வரவில்லை. எட்டாவது போர்டில் 25-க்கு 22 என்று கோப்பையை விட்டுக்கொடுத்தார்கள். தோற்ற இருவரும் சுற்றுவட்டாரத்தில் ஒற்றையர் ஆட்டத்தில் பேர் போனவர்கள். ஜெயித்த இருவரும் ஒற்றையரில் ஆரம்பச் சுற்றுகளிலேயே வீட்டுக்குப் போகிறவர்கள்.

ஊரில் இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். பனி, பவுடர், தூக்கம், கண்ணேறு என்று ஆளுக்கொன்று. நடுவர் நாற்காலியில் இருந்தது நான். பந்தல் தூணில் சாய்ந்தபடி ஒரு பையன் முழு ஆட்டத்தையும் செல்போனில் எடுத்திருந்தான். அந்த வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து, ஆடிய நான்கு பேரிடமும் பேசியபின் எழுதுவது இது. இரட்டையர் ஆட்டத்தில் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம், எதிரே யார், வலக்கைப் பக்கம் யார் என்பதை வைத்துத்தான் ஒரு காய் யாருடையது என்று முடிவாகிறது. ஒரு ஜோடி அதைப் புரிந்துகொண்டு ஆடியது. மற்ற ஜோடி இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்களாகவே கடைசி வரை ஆடியது.

ஊரும் ஆட்களும்

பல்லடம், சோமனூர், மங்கலம் வட்டாரத்தில் தறிச் சத்தம் மொத்தமாக அடங்குகிற நாட்கள் குறைவு. பொங்கல் அதில் ஒன்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் லீவு என்பதால் ஊர்ப் பையன்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பட்டிப் பொங்கல் முடிந்து, மறுநாள் பூப்பறிக்கும் நோம்பிக்குப் பெண்கள் கூடி ஆவாரம்பூ பறிக்கப் போய்க் கும்மியடித்துத் திரும்பும் நேரத்தில், கோயில் முன்பந்தலில் கேரம் போர்டைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இறுதி ஆட்டம் தொடங்கும்போது ராத்திரி ஆகியிருக்கும். பெண்கள் பிரிவு இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் சென்னை காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகும் வரவில்லை. அது கமிட்டிக்காரர்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டிய சமாச்சாரம்.

நான்கு பேரையும் தொழிலை வைத்தே சொல்கிறேன். தோற்ற ஜோடியில் ஒருவர் கோவையில் லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். காயின் ஓரத்தில் தட்டித் திருப்பும் கட் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்னொருவன் இன்ஜினியரிங் படிக்கும் பையன், நல்ல வேகம். ஜெயித்த ஜோடி ஒரு தறிக்காரரும் அவருடைய அக்கா மகனும். மருமகன் பனியன் கம்பெனியில் சிங்கர் டைலர். "டைலர் கை, அதான் வேகம்" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். வீடியோவைப் பார்த்தால் நான்கு பேரில் மெதுவான கை அவனுடையதுதான்.

விதிகள் பெரும்பாலும் சர்வதேச கேரம் சம்மேளனத்தினுடையவை. 1988-ல் சென்னையில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஒரு கேம் என்பது 25 பாயின்ட் அல்லது 8 போர்டு. எதிராளிக்கு மிச்சமிருக்கும் காய்க்கு ஒன்று வீதம் பாயின்ட். ஜெயித்தவர் ரெட்டும் எடுத்து, உடனே அடுத்த அடியில் தன் காய் ஒன்றை ஃபாலோ போட்டிருந்தால் கூடுதலாக 3. ஆனால் அந்த 3 நம் ஸ்கோர் 21 இருக்கும் வரைதான். 22-ஐத் தொட்டுவிட்டால் ரெட் நமக்குப் பைசா பெறாது. ஒரு அடிக்கு 15 விநாடி. ஜோடிக்குள் பேச்சும் ஜாடையும் கூடாது. முறையான போட்டியில் மூன்று கேமில் இரண்டு ஜெயிக்க வேண்டும். நேரம் போதாது என்று இங்கே ஒரே கேமாக வைத்திருந்தார்கள். 15 விநாடி தாண்டினால் முறை போய்விடும் என்றும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. இந்த 15 விநாடி வந்தபிறகு ஆட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒருவர் குனிந்து பார்த்து, எழுந்து பார்த்து, வெற்றிலை போட்டு அடிப்பார். இப்போது ஸ்ட்ரைக்கர் கைக்கு வருமுன்னே என்ன அடி என்று முடிவாகியிருக்க வேண்டும்.

முதல் நான்கு போர்டு

உட்கார்ந்த திசையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. காலேஜ் பையன் தெற்கில் உட்கார்ந்து வடக்கே பார்த்தான். அவனுக்கு வலப்பக்கம், அதாவது கிழக்கில், தறிக்காரர். பையனுக்கு எதிரே வடக்கில் ஒர்க்‌ஷாப்காரர். மேற்கில் டைலர். முறை எப்போதும் வலப்பக்கம்தான் நகரும்: பையன், தறிக்காரர், ஒர்க்‌ஷாப்காரர், டைலர், மறுபடி பையன். அடுக்கிய காய்களைக் கலைக்கும் முதல் அடியான பிரேக்கும் அதே வரிசையில் மாறும், அதை அடிக்கும் ஜோடிக்கு வெள்ளை. நான்கு பாக்கெட்டையும் நம் ஊர் வழக்கப்படி ஈசானி மூலை, அக்கினி மூலை, கன்னி மூலை, வாயு மூலை என்றே சொல்லிவிடுகிறேன். முறையே வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு. வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் பயன்பட வேண்டுமா என்ன.

முதல் போர்டு பையனின் பிரேக். சிதறிய சிதறலில் வெள்ளை நாலாபக்கமும் நன்றாக நின்றது. எதிராளிக்கு 6 காய் மிச்சம், ரெட்டோடு 9 பாயின்ட். இரண்டாவது தறிக்காரர் பிரேக் அடித்தும் பையன் ஜோடிக்கே போனது, ரெட்டோடு 8. ஸ்கோர் 17-க்கு 0. பந்தலில் பாதிப்பேர் எழுந்து டீக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது போர்டுதான் முதல் அறிகுறி. ரெட்டை ஒர்க்‌ஷாப்காரரே எடுத்து ஃபாலோவும் போட்டார். ஆனாலும் போர்டை எதிர் ஜோடி ஜெயித்தது. ரெட் இவர்கள் கையில் இருந்ததால் அவர்களுக்கு 4 மட்டுமே. மிச்சமிருந்த நான்கு வெள்ளையில் மூன்று, தெற்குச் சட்டத்தையோ வடக்குச் சட்டத்தையோ ஒட்டி நின்றவை. அதாவது இவர்கள் இருவரின் மடிக்கு நேராக நின்றவை. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நான்காவதை இவர்கள் 5 வித்தியாசத்தில் எடுத்தார்கள். 22-க்கு 4. இன்னும் 3 எடுத்தால் கோப்பை.

அப்புறம் டீ.

யார் காய் யாருடையது

ஆட்டம் நடக்கும்போதுதான் பேசக்கூடாது, போர்டுக்கு நடுவே டீ குடிக்கும்போது பேசலாம். தறிக்காரர் மருமகனிடம் சொன்னது நான் உட்பட நாலைந்து பேர் காதில் விழுந்தது.

"மாப்ள, உன்ற மடிக்கிட்ட நிக்கற காயை நீ தொடாத. அது என்னுது. என்ற மடிக்கிட்ட இருக்கறது உன்னுது."

"ரெட்டுங் மாமா?"

"ரெட்டும் அப்படித்தான். அப்பறம், எடங்கைப் பக்கத்து மூலைய மறிச்சு வெய்யி."

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது சுலபம். ஸ்ட்ரைக்கரை நம் கோட்டில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். கோட்டுக்கும் நம் பக்கத்துச் சட்டத்துக்கும் நடுவே 10 செ.மீ. சொச்சம் இடம் இருக்கிறது. அங்கே விழுந்த காயை எடுக்க, ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டம் வரை போய்ப் பட்டுத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் கையை மடக்கிக் கட்டை விரலால் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். 74 செ.மீ. பலகையில் போய்த் திரும்பி வரும் ஸ்ட்ரைக்கர், பாக்கெட்டுக்குச் சரியான கோணத்தில் காயைத் தொடுவது பெரிய வித்தை. ஒற்றையரில் அந்த வித்தை அவசியம், ஏனென்றால் நமக்காக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அடிக்க ஆளில்லை. இரட்டையரில் ஆள் இருக்கிறார். அவருக்கு அது நேர் எதிரே, பார்வைக்கு முன்னால் நிற்கிற சாதாரணக் காய்.

ஒர்க்‌ஷாப்காரரும் பையனும் இந்த வித்தையில் கெட்டிக்காரர்கள். அதுதான் வம்பாகப் போனது. வடக்குச் சட்டத்தை ஒட்டி ஒரு காய் நின்றால், இரண்டு முறை கழித்துப் பையனே எளிதாகப் போடுவான் என்று விடாமல், ஒர்க்‌ஷாப்காரர் எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பும் பேக் ஷாட் போட்டார். விழுந்தால் பந்தலே கைதட்டும். விழாவிட்டால் முறையும் போய், காயும் கலைந்து, பையனுக்கும் ஆகாத இடத்துக்குப் போயிருக்கும்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் நுணுக்கம். நானே அந்த டீக்கு அப்புறம்தான் இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். தறிக்காரரை எடுத்துக்கொள்வோம். கிழக்கில் உட்கார்ந்து மேற்கே பார்க்கிறார். அவருக்கு இடக்கைப் பக்கத்து மூலை அக்கினி மூலை. அதன் வாயில் தன் காய் ஒன்றை அவர் நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? அடுத்து அடிக்கப்போகிறவர் வடக்கில் இருக்கும் ஒர்க்‌ஷாப்காரர். அவருக்கு எதிரே இருக்கும் இரண்டு பாக்கெட்டும் அக்கினியும் கன்னியும்தான். அதில் ஒன்று அடைபட்டுப் போகிறது. அந்த வழியாக அவர் தன் காயைப் போட முயன்றால் முதலில் விழுவது தறிக்காரரின் காய். எதிராளியின் காய் மட்டும் விழுந்தால் அது அவர்களுக்கு இலவசம், அடித்தவரின் முறையும் போச்சு. அவர் தொடாமல் விட்டாலும் நஷ்டமில்லை. அவருக்கு அடுத்து அடிப்பது மேற்கில் இருக்கும் டைலர். டைலருக்கு எதிரே இருக்கும் இரண்டு பாக்கெட்டில் ஒன்று அதே அக்கினி மூலை. வாயில் நிற்கும் காயைத் தொட்டாலே விழுந்துவிடும். ஆக ஒரே காய் எதிராளிக்குக் கதவும் நம் ஆளுக்குச் சோறும்.

வலக்கைப் பக்கத்து மூலையில் இதே காயை வைத்தால் இத்தனை லாபம் இல்லை. தறிக்காரருக்கு வலக்கை மூலை ஈசானி. அது ஒர்க்‌ஷாப்காரரின் மடிப்பக்கம். அவர் அந்தப் பாக்கெட்டைப் பெரும்பாலும் தொடவே மாட்டார், அதை அடைத்து என்ன பிரயோசனம்? நான்கு பேரில் யாரை வைத்துப் பார்த்தாலும் கணக்கு இதேதான்: இடக்கை மூலை மறித்தால் அடுத்தவருக்கு இடைஞ்சல், நம் ஆளுக்கு வசதி. தறிக்காரர் இதை எங்கும் படித்தவரில்லை. தறிக்குடோனில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது வருஷமாக இரட்டையர் மட்டுமே ஆடிப் பழகியவர். ஒற்றையர் அவருக்கு வராததற்கும் காரணம் அதுதான்.

ஐந்து, ஆறு, ஏழு

ஐந்தாவது போர்டில் அக்கினி மூலையில் ஒரு கறுப்பு வந்து நின்றது. ஒர்க்‌ஷாப்காரருக்கு அதன் பின்னால் நேர்க்கோட்டில் ஒரு வெள்ளை. ஓங்கி அடித்தார். கறுப்பு உள்ளே போனது, வெள்ளை பாக்கெட் முனையில் இடித்துத் திரும்பியது. இந்த ஒரு அடியை வீடியோவில் நிறுத்திப் பார்த்தால், ஸ்ட்ரைக்கரை விட்ட கை இன்னும் பலகையில் இருக்கும்போதே டைலரின் கண் அடுத்த காயைத் தேடிப் போய்விட்டது தெரிகிறது. அந்தப் போர்டு ரெட்டோடு 8 பாயின்ட். ஆறாவது ரெட்டோடு 6. ஸ்கோர் 22-க்கு 18.

ஏழாவதில் ரெட்டைப் பையன் ஜோடி எடுத்துக்கொண்டது, நல்ல காரியம். தங்களுக்கு அதில் பாயின்ட் இல்லாவிட்டாலும் எதிராளிக்கு 3 போகாமல் தடுத்தார்கள். ஆனால் முக்கியமான கட்டத்தில் பையனின் முறை கடிகாரத்தில் போனது. தன் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளை, தூரத்தில் ஒரு கடினமான கட். இரண்டில் எதை அடிப்பது என்று எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தான். அவர் சட்டத்தில் விரலால் தட்டினார். நான் எச்சரித்தேன். அதற்குள் 15 விநாடி ஓடிவிட்டது. எது யாருடைய காய் என்று முன்பே பேசி வைத்திருந்தால் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. எதிர் ஜோடி ஒருமுறைகூட நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 22-க்கு 21.

எட்டாவது போர்டு

டைலரின் பிரேக், எனவே அவர்களுக்கு வெள்ளை. கடைசிக் கட்டத்துக்குப் போவோம். டைலர், தறிக்காரர் ஜோடிக்கு இரண்டு வெள்ளை பாக்கி. ஒர்க்‌ஷாப்காரர், பையன் ஜோடிக்கு இரண்டு கறுப்பு பாக்கி. ரெட் இன்னும் பலகையில்.

காய்கள் நின்ற இடம் இது. ரெட் மேற்குச் சட்டத்தை ஒட்டி, டைலரின் மடிக்கு நேராக. ஒரு வெள்ளை கன்னி மூலைக்கு ஒரு சாண் தள்ளி. இன்னொரு வெள்ளை வடக்குச் சட்டத்தை ஒட்டி. ஒரு கறுப்பு வாயு மூலையைப் பார்த்து, பையனுக்கு நேர் வழியில். இன்னொரு கறுப்பு தெற்குச் சட்டத்தை ஒட்டி, பையனின் மடிக்கு நேராக.

டைலரின் முறை. ரெட்டை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அது மாமாவின் காய். கோட்டின் இடது கோடியில் ஸ்ட்ரைக்கரை வைத்து, கிழக்குச் சட்டம் வரை மெல்ல அனுப்பினான். பட்டுத் திரும்பி வந்த ஸ்ட்ரைக்கர், வடக்குச் சட்டத்தோரம் நின்ற வெள்ளையைப் பின்னாலிருந்து தட்டியது. வெள்ளை உருண்டு வராமல், நகர்ந்து நகர்ந்து வாயு மூலையின் வாயில் போய் நின்றது. அது டைலரின் இடக்கை மூலை. பந்தலில் "அட, வுட்டுட்டானப்பா" என்று ஒரு குரல். அவன் விழவைக்க முயன்று தவறிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அடுத்து பையன். அவனுடைய நேர்க்காய்க்கு முன்னால் கதவு அடைத்தாயிற்று. ஓங்கி அடித்தான். வெள்ளை உள்ளே, அதன் பின்னாலேயே கறுப்பும் உள்ளே. பந்தலே ஆர்ப்பரித்தது. தன் காயும் விழுந்ததால் முறை அவனிடமே. இப்போது அவர்களுக்கு ஒரு கறுப்பு, எதிராளிக்கு ஒரு வெள்ளை, ரெட். கடைசிக் கறுப்பை ரெட்டுக்கு முன்னால் போடக் கூடாது. ரெட்டைப் போட்டு, உடனே அடுத்த அடியிலேயே கறுப்பை ஃபாலோ போட வேண்டும்.

ரெட் அவனுக்கு இடது சட்டத்தோரம், வாயு மூலைக்கு நேர் வழி. போட்டான், சுத்தமாக விழுந்தது. ஃபாலோவுக்கு இருந்த ஒரே காய் அவன் மடிக்கு நேராக, தெற்குச் சட்டத்தை ஒட்டி. எதிர்ச் சட்டத்தில் பட்டு வரும் பேக் ஷாட். ஸ்ட்ரைக்கர் வந்து காயைத் தொட்டது, கறுப்பு கன்னி மூலைப் பக்கம் ஓடி முனையில் முட்டி நின்றுவிட்டது. ரெட் திரும்ப நடுவட்டத்துக்கு வந்தது.

தறிக்காரர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த ரெட்டை வாயு மூலைக்கு அனுப்பினார். அடுத்த அடி, கன்னி மூலைக்கு ஒரு சாண் தள்ளி நின்ற வெள்ளை. அவருக்கு அது நேர் எதிரே இடது பக்கம். கறுப்பு அந்த மூலையில் பக்கவாட்டில் நின்றதால் வழி பாதி திறந்திருந்தது. பாதியே போதுமாக இருந்தது. எதிராளிக்கு ஒரு காய் மிச்சம், ரெட் 3. 21-ம் 4-ம் 25.

பையன் அப்புறம் என்னிடம் சொன்னது: "ரெண்டும் ஒண்ணா வுழுந்த ஒடனே ஜெயிச்சுட்டம்னு நெனச்சேனுங்க. ரெட்டு அல்வாவாட்ட நின்னுச்சு, வுட மனசு வரலை."

ரெட்டை விட்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக விழுந்தபோது அவன் கையில் ஒரு அடி இருந்தது. அதை வைத்துத் தறிக்காரரின் ஒற்றை வெள்ளையைக் கிழக்குச் சட்டத்தோரம், அவர் மடிக்கே தள்ளியிருந்தால், அவர் ரெட் எடுத்தாலும் ஃபாலோவுக்குப் பேக் ஷாட்தான். அவருக்கு அடுத்து ஒர்க்‌ஷாப்காரர். தெற்குச் சட்டத்தோரக் கறுப்பு அவருக்கு எதிரே நிற்கும் சாதாரணக் காய். அவர் ரெட் எடுத்தால் ஃபாலோ கையில் இருக்கிறது. ஆனாலும் இதை ஜெயித்திருந்தால் ஒரே ஒரு பாயின்ட், 23-தான். போர்டு எட்டும் முடிந்துவிட்டதால் 23-க்கு 21 என்று அதுவே போதும்.

பனியும் பவுடரும்

பனியை ஒதுக்கிவிட முடியாது. தை மாத ராத்திரியில் திறந்த பந்தல், பிளைவுட் பலகை, போரிக் பவுடர். ஈரம் ஏறினால் பவுடர் திரண்டு காயின் அடியில் ஒட்டும். ஓங்கி அடித்த ஸ்ட்ரைக்கர் பலகையின் குறுக்கே மூன்றரை தரம் ஓட வேண்டும் என்பது விதிப்புத்தகக் கணக்கு. தொடக்கத்தில் ஓடியது. டீக்கு அப்புறம் அடித்துப் பார்த்தபோது மூன்றைத் தொடவில்லை. முன்பு போர்டுக்கு மேலே தொங்கிய குண்டு பல்பின் சூடு ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இப்போது எல்.இ.டி. வெளிச்சம் மட்டும்தான் தருகிறது.

பலகை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஈரம் எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. பேக் ஷாட்டுக்கு ஸ்ட்ரைக்கர் போய்த் திரும்ப வேண்டும், இழுவை இரட்டிப்பு. எதிரே இருப்பவர் அதே காயை எடுக்க ஒரு ஓட்டம் போதும். தனியாகவே எல்லாவற்றையும் எடுக்கப் பார்த்த ஜோடிக்குத்தான் பனி அதிகம் வலித்தது. ஆனாலும் பனிதான் காரணம் என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஆறாவது போர்டு முடிந்ததும் பலகையை உலர்ந்த துணியால் துடைத்துப் புதுப் பவுடர் போட்டோம். வேகம் திரும்பியது வீடியோவிலேயே தெரிகிறது. அப்புறமும் இரண்டு போர்டு போனது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஆறு மணிக்குத் தறி ஓட்டுகிற ஆள்தான் ஜெயித்தவர்.

22-ல் நின்றது

நான்காவது போர்டில் 5 எடுத்து 22-க்கு வந்ததை ஊர் ஒரு சாதனையாகப் பார்த்தது. விதிப்படி அது ஒரு விதத்தில் மோசமான எண். 21-ல் நின்றிருந்தால், ரெட்டோடு ஒரே ஒரு காய் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்திருக்கும். 22-ல் இருந்து 3 எடுக்க, எதிராளிக்கு மூன்று காய் மிச்சம் இருக்கும்போதே போர்டை முடிக்க வேண்டும். அதற்காகப் போர்டை விட்டுக்கொடுத்து 21-ல் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 22 வந்தபிறகு ஆட்டம் மாறியிருக்க வேண்டும். ரெட்டை எதிராளிக்குப் போகாமல் தடுப்பதும், போர்டைச் சீக்கிரம் முடிப்பதும்தான் வேலை. ஐந்திலும் ஆறிலும் அவர்கள் ரெட்டைக் கண்டுகொள்ளவில்லை. எதிர் ஜோடி அந்த இரண்டு ரெட்டில் மட்டும் 6 பாயின்ட் சேர்த்தது. பாயின்ட் தராத ரெட்டை எதற்கு எடுப்பது என்று விட்டிருக்கிறார்கள். ஏழாவதில்தான் புரிந்தது.

அதற்கப்புறம்

கமிட்டி இரண்டு மாற்றம் செய்திருக்கிறது. இறுதி ஆட்டம் இனி ஓட்டு மண்டபத்துக்குள். இரண்டு போர்டுக்கு ஒருமுறை துணி போட்டுத் துடைப்பார்கள். ஒற்றையர் ஆட்டக்காரர்களே ஜோடி சேர்வதைத் தடுத்துச் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று ஒரு பேச்சும் வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. யாரோடு ஆடத் தெரிகிறது என்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான். மரியா இருதயம் 1991-லும் 1995-லும் உலக ஒற்றையர் பட்டம் வாங்கியவர். அந்தத் திறமையைப் பார்த்து வளர்ந்த நம் பையன்கள் ஒற்றையரையே கேரம் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. இரட்டையரைத் தனி ஆட்டமாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், எட்டாவது போர்டின் அந்தக் கடைசி நிலையை வீடியோ பார்த்து அப்படியே அடுக்கி, வெள்ளையைக் கிழக்கே தள்ளிவைத்து, வடக்குப் பக்கம் ஒர்க்‌ஷாப்காரரை உட்காரவைத்து அடிக்கச் சொன்னோம். ரெட்டும் விழுந்தது, ஃபாலோவும் விழுந்தது. பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இது மத்தியானம், வயிறு நெறையத் தின்னுபோட்டு அடிக்கறது. அன்னைக்கு ராத்திரி 22-க்கு 21-ல அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமுங்க" என்றார்.